வேலையின்மை உறுதிப்பத்திரம்

எனக்கு வேலை இல்லை என்பதை நிரூபிக்க இருபத்திரண்டு நாட்கள் தரப்பட்டிருந்தன.

பட்டம் பெற்று நான்கு வருடங்கள் சும்மா இருந்தவளுக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. நான் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள், வேலையில்லாதவள். இரண்டும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். லுணுகலைக் கடைகளில் அம்மா மாவு கேட்டால், மகளுக்கு ஏதாவது சரிவந்ததா என்று விசாரித்துவிட்டுத்தான் மாவை நிறுப்பார்கள். ஆனால் பயிலுநர் பட்டதாரி நியமனத்துக்கான விண்ணப்பத்தின் ஒன்பதாவது கட்டம் இவர்கள் யாருடைய சொல்லையும் ஏற்கவில்லை. 'பட்டதாரி எதிர்கால வழிகாட்டல் மையம்' வழங்கும் வேலையின்மை உறுதிப்பத்திரத்தை மட்டுமே கேட்டது.

மையம் பதுளையில் ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில் இருந்தது. உறுதிப்பத்திரம் வேண்டுமானால் மூன்று நாள் தொழில் வழிகாட்டல் பயிற்சியை முடிக்க வேண்டும். வேலை பெறுவது எப்படி என்று அங்கே சொல்லித்தருவார்கள். அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர்களுக்கு, வேலை இல்லை என்று எழுதிக் கொடுப்பார்கள்.

இதில் ஏதோ இடிக்கிறது என்று பக்கத்துக் கதிரையில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் பெயர் றமீலா. பதுளை டவுன். அரசறிவியல் படித்தவள். உறுதிப்பத்திரம் ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடுவதால், இது அவளுக்கு மூன்றாவது பயிற்சி.

"இடிக்கட்டும் புள்ள," என்றாள். "பகலைக்குச் சோறு தாராங்க."

முதல் நாள் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஏழு திரிகள், ஏழு பிரமுகர்கள். ஏழாமவர் வந்துகொண்டிருந்தார். ஆறு திரிகளைப் பார்த்தபடி நாற்பத்தொரு பட்டதாரிகள் ஒன்றரை மணி நேரம் நின்றோம். அதற்குள் முதலாவது திரி அணைந்துவிட்டதால் முதலாவது பிரமுகரை மறுபடியும் அழைத்தார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பணிப்பாளர் ஜெயரூபன் பேசினார். வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனைகள் வைத்திருந்தார்.

"நான் வெளிப்படையாகச் சொல்கிறேன்," என்றார். "என் வாழ்க்கையில் நான் ஒரு விண்ணப்பம் போட்டதில்லை. ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போனதில்லை. பெரியப்பா ஃபோன் எடுத்தார். 'தம்பியை நாளைக்கு வரச் சொல்லுங்கள்' என்றார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அங்கே நின்றேன். இன்றைய இளைஞர்களிடம் இல்லாதது அந்த நேரந்தவறாமைதான்."

கைதட்டினோம். அவர் வந்தது பத்தே முக்காலுக்கு.

இரண்டாம் நாள் பயிற்றுநர் நப்ரீஸ் வந்தார். நீலக் கோட். பதினொரு கம்பனிகளில் வேலை பார்த்தவர், ஒவ்வொன்றிலும் சராசரியாக ஐந்து மாதங்கள். வேலை தேடுவதில் தன் அளவுக்கு அனுபவம் உள்ளவர் மாகாணத்தில் இல்லை என்றார். அது உண்மையாக இருக்கலாம்.

முதலில் கைகுலுக்கும் முறையைச் சொல்லித்தந்தார். நப்ரீஸ் சேர் பெண்களுக்குக் கை கொடுப்பதில்லை. ஆகவே பெண்கள் வரிசையில் வந்து கதவுப் பிடியோடு பழகினோம். உறுதியாக, ஆனால் நசுக்காமல், கண்ணைப் பார்த்து. கதவுக்குக் கண் எங்கே என்று றமீலா கேட்டாள். பூட்டுத் துவாரத்தைப் பாருங்கள் என்றார்.

அடுத்து, ஐந்து வருடத்தில் உங்களை எங்கே காண்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பண்டாரவளையிலிருந்து வந்திருந்த ஒருவர், வயதெல்லை முப்பத்தைந்து என்று போட்டிருக்கிறது, ஐந்து வருடத்தில் எனக்கு முப்பத்தெட்டு, அதனால் எங்கும் காணவில்லை என்றார். இது எதிர்மறைச் சிந்தனை என்று அவருடைய புள்ளியில் இரண்டைக் குறைத்தார்கள்.

பகல் சோற்றுக்குப் பிறகு சுயவிபரக் கோவை எழுதினோம். அதில் 'அனுபவம்' என்ற இடத்தை எல்லோரும் வெறுமையாக விட்டிருந்தோம். நப்ரீஸ் சேர் கவலைப்பட்டார்.

"அனுபவம் இல்லாத மனிதன் உலகத்தில் இல்லை. தோண்டுங்கள். உள்ளே இருக்கும்."

நான் தோண்டினேன். கம்பஸில் முதலாம் வருட விடுமுறையின்போது அம்மா மலையில் வழுக்கி விழுந்து, கால் வீங்கிப் படுத்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் ஒரு லயத்துக் காம்பராவிலிருந்து ஒருவராவது வேலைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள். வீட்டில் அம்மாவும் நானும்தான். பெரிய கிளாக்கர் என் பெயரைத் தோட்டத்து வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் பதிந்தார். பத்தொன்பது நாட்கள் கொழுந்து பறித்தேன். அம்மாவின் கால் சுகமானதும் கம்பஸுக்குத் திரும்பிவிட்டேன்.

'கொழுந்து பறித்தல், 19 நாட்கள்' என்று எழுதினேன்.

நப்ரீஸ் சேர் அதைத் திரையில் போட்டுக் காட்டினார். கொழுந்து பறித்தல் என்பதை 'மூலப்பொருள் தெரிவு மற்றும் விநியோக முகாமைத்துவம்' என்று திருத்தினார். இப்படித்தான் எழுத வேண்டும் என்றார். நாற்பது பேர் எனக்காகக் கைதட்டினார்கள். அதற்கு முன் எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

மூன்றாம் நாள் மாலை நாற்பது பேருக்கு உறுதிப்பத்திரம் கிடைத்தது. கருமபீடத்தில் இருந்த ஜெனீரா மிஸ் என் கோவையைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் என் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி, ஒங்களுக்குத்தான் வேல ஈக்குதே."

திரையில் என் பெயர் இருந்தது. ஊழியர் சேமலாப நிதி இலக்கம் இருந்தது. தொழில் வழங்குநர் என்ற இடத்தில் எங்கள் தோட்டம் இருந்தது. தொடங்கிய திகதி இருந்தது. முடிந்த திகதி இல்லை. எட்டு வருடங்களாக நான் வேலையில் இருந்திருக்கிறேன்.

அது பத்தொன்பது நாள் மட்டும் என்று சொன்னேன். தோண்டச் சொன்னார்கள் என்றும் சொன்னேன்.

"நீங்க எழுதாட்டி நாங்க பார்த்தே ஈக்க மாட்டோம்," என்றார் ஜெனீரா மிஸ். கோபமாகச் சொல்லவில்லை. போன தடவை மாமாவின் கடையில் நின்றதைத் தோண்டி எடுத்த ஒரு பொடியன் இன்னும் அலைகிறான் என்றும், வேலையிலிருந்து விலகியதற்கு ஒரு கடிதம் கொண்டுவந்தால் போதும் என்றும் சொன்னார்.

பதினேழு நாட்கள் இருந்தன.

தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் இராசையா, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். நல்ல மனிதர். ஆனால் முறை தெரிந்தவர்.

"வெலகணும்னா மொதல்ல வேலையில இருக்கணும் புள்ள. நீதான் வரவே இல்லியே. வராத ஆளு எங்கேருந்து வெலகுறது?"

அப்படியானால் பெயரை வெட்டிவிடுங்கள் என்று கேட்டேன். பெயரை வெட்டினால் தோட்டத்தில் ஆள் குறைந்துவிட்டதென்று கொழும்பிலிருந்து கேட்பார்கள் என்றார். செக்ரோலில் இருநூற்றுப் பதினாறு பேர் இருக்கிறார்கள். மலைக்கு வருகிறவர்கள் எழுபது. அந்த இருநூற்றுப் பதினாறு கொழும்புக்கு மிகவும் பிடித்த எண்ணாம். கடைசியில் இரக்கப்பட்டு, நான் எட்டு வருடங்களாக வேலைக்கு வரவில்லை என்று ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தித் தந்தார்.

அதைப் பணிப்பாளரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

"எட்டு வருடம் வேலைக்குச் சமூகமளிக்கவில்லை," என்றார். "தங்கச்சி, இது வேலையின்மை இல்லை. ஒழுக்கமின்மை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பயப்பட வேண்டாம். மையம் உங்களைக் கைவிடாது. நீங்கள் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியாது."

அது வெளியே அறிவித்தல் பலகையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் படம் ஒட்டப்பட்டிருந்தது. அதன் கீழே: 'இந்த ஆண்டு பயிற்சி பெற்றோர் 41. வேலையில் உள்ளோர் 1.' மையம் திறந்து ஆறு வருடங்களில் அந்த இடத்தில் ஒரு பூச்சியம் மட்டுமே இருந்து வந்ததாம். மாகாணத்துக்கு அறிக்கை போய்விட்டது. றமீலா படத்தைத் தன் ஃபோனில் எடுத்து எனக்கே அனுப்பினாள். 'எங்க ட்ரீட்?' என்று கேட்டிருந்தாள்.

எனக்காக ஒரு விசேட அரைநாள் பயிற்சி ஏற்பாடானது. தலைப்பு, 'பணியில் நிலைத்திருத்தல்.' பங்குபற்றுநர் நான் ஒருத்தி. ஒருத்திக்கு ஏழு திரி அதிகம் என்று இரண்டு திரி ஏற்றினார்கள். நப்ரீஸ் சேர், செய்யும் தொழிலை நேசிப்பது பற்றிப் பேசினார். நான் ஏன் என் வேலையை நேசிக்கவில்லை என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எந்த வேலை என்று கேட்க வாய் வரவில்லை. பயிற்சி எப்படி இருந்தது என்ற படிவத்தில் 'மிக நன்று' என்று அடையாளமிட்டுவிட்டு வந்தேன்.

ஒன்பது நாட்கள் இருந்தன. மறுபடியும் பெரிய கிளாக்கரிடம் போனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயா வெலக முடியாது. நாங்களா நிப்பாட்டலாம். நிப்பாட்டினா கடிதம் உண்டு."

எதற்கு நிறுத்துவார்கள் என்று கேட்டேன். இருபது வருடத்தில் இரண்டே பேரைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு கங்காணியைத் துரத்தியவர். மற்றவர் தராசில் கை வைத்தவர்.

எனக்குக் கங்காணியைப் பிடிக்கும். அதனால் முதலில் சின்னக் குற்றங்களைச் செய்து பார்ப்போம் என்று அடுத்த நாள் காலை பெரட்டுக்குப் போனேன். மலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த வரிசைக்கு ஒரு மணி நேரம் பிந்தித்தான் போனேன். கங்காணி திட்டவில்லை. "வந்தியே, அது போதும்," என்றார். அடுத்த நாள் கொழுந்தை விட்டுவிட்டு முற்றிய இலையாகப் பறித்தேன். இப்பொழுது ஃபெக்டரியில் அதையும் எடுக்கிறார்கள் என்றார். மூன்றாம் நாள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பகல் முழுவதும் புத்தகம் வாசித்தேன். வெயில் ஏறியபோது கங்காணி தன் குடையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். படித்த பிள்ளை, களைத்திருக்கும் என்று மற்றவர்களிடம் சொன்னார்.

எழுபது பேர் மட்டும் வருகிற மலையில் யாரையும் அனுப்ப அவர்களுக்கு மனம் இல்லை. கங்காணியைத் திட்டிப் பார்க்கலாம் என்று ஒரு மாலை கண்ணாடி முன் பழகினேன். முதல் வசனமே "மன்னிக்கணும்" என்று வந்தது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரு ஒலகமே வேல கெடைக்கணும்னு கும்புடுது. நீ ஒருத்திதான் இருக்கிற வேல போகணும்னு கும்புடுற," என்றார். பிறகு, "கம்பஸ்ல இதத்தான் படிச்சியா?" என்றும் கேட்டார்.

கடைசி நாளுக்கு முதல் நாள் மாலை லுணுகலைக்குப் போய் ஐந்து லீற்றர் குடிதண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கினேன். மூடி திறக்காதது.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையை நாங்கள் மடுவம் என்போம். காலை நிறுவை ஒன்பது மணிக்கு. பெண்கள் பைகளோடு வரிசையில் நின்றார்கள், அம்மாவும் நின்றார். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பையாகத் தராசில் கொளுவி, எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் போத்தலைக் கொளுவினேன்.

"என்ன புள்ள இது?"

"தண்ணிங்க. அஞ்சு லீற்றர்."

தராசில் 4.4 என்று விழுந்தது.

உண்மையைச் சொன்னால், தராசு சரியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கை வைத்ததற்காக நிறுத்தினால் போதும் என்று வந்தவள். 4.4 என்பதைப் பார்த்ததும் வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. காலை வெப்பநிலைக்கு ஐந்து லீற்றரில் ஏழு கிராம் குறையலாம். அதைத் தோட்டத்துக்கு விட்டுக்கொடுத்தேன். வெறும் போத்தலின் பாரத்தையும் விட்டுக்கொடுத்தேன். அப்படியும் அறுநூறு கிராமைக் காணவில்லை.

இதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வரிசை தராசுப் பக்கம் நெருங்கிவிட்டது.

"அப்ப பதினெட்டுக் கிலோ பறிச்சா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். பதினெட்டுக் கிலோ இருந்தால்தான் முழுப்பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர்.

"பதினாறு கூட விழாது அக்கா. பதினெட்டு விழணும்னா இருபதரை பறிக்கணும்."

"நேத்து எனக்கு அரைப்பேர் போட்டாங்களே," என்றார் அவர். யாரிடமும் கேட்கவில்லை. சும்மா சொன்னார்.

கணக்கப்பிள்ளை போத்தலைக் கழற்றிக் கீழே வைத்தார். "தண்ணிய இதுல நிறுக்கக் கூடாது. இது கொழுந்துத் தராசு. கொழுந்த மட்டுந்தான் சரியாக் காட்டும்."

அதற்குள் தோட்டத்து உதவி முகாமையாளரான சின்னத் துரை மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். மலைநாட்டில் தண்ணீர் கொஞ்சம் லேசாகத்தான் இருக்கும் என்றார். எல்லாத் தண்ணீருமா, அல்லது போத்தல் தண்ணீர் மட்டுமா என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை, அவர் எந்த அடிப்படையில் சொல்கிறார் என்று அறியத்தான் கேட்டேன். அவர் முகம் சிவந்தது.

"ஒன்ன இந்த நிமிசத்தோட நிப்பாட்டியாச்சு."

"நன்றிங்க சேர்," என்றேன். "எழுத்தில தாங்க."

தோட்டத்து ஆபீஸில் ஒரு கடிதம் அடிக்க வழக்கமாக இரண்டு வாரம் ஆகும். இது பத்து நிமிடத்தில் வந்தது. பெரிய கிளாக்கர் நேரத்தையும் போட்டிருந்தார்: மு.ப. 9.15. காரணம், 'தராசைச் சரிபார்த்தமை.' வாசித்துவிட்டு, இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை புள்ள என்றார்.

பஸ் பசறையில் அரை மணி நேரம் நின்றது. பதுளைக்குப் போனபோது பணிப்பாளர் கூட்டத்தில் இருந்தார். மூன்று மணிக்கு வந்தார். கடிதத்தை வாசித்தார். வெளியே போய் அறிவித்தல் பலகையில் இருந்து என் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"ஆறு வருட உழைப்பு," என்றார்.

என்றாலும் கையெழுத்திட்டார். ஜெனீரா மிஸ் முத்திரை குத்தினார். நான் வேலையற்றவள் என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. இன்றைய திகதியிலிருந்து என்றும் எழுதியிருந்தது. அதை விண்ணப்பத்தோடு இணைத்து அவர்களிடமே கொடுத்தேன். அன்று நான்கு மணியோடு முடிவு.

ஜெனீரா மிஸ் ஒன்பதாவது கட்டத்தின் கீழே சின்ன எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. பணிப்பாளர்தான் வாசித்தார். விண்ணப்பதாரி குறைந்தது ஒரு வருடம் தொடர்ச்சியாக வேலையின்றி இருந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு ஆறரை மணித்தியாலம்தான் ஆகிறது," என்றார். "வேலையின்மையில் அனுபவம் போதாது."

விண்ணப்பத்தையும் உறுதிப்பத்திரத்தையும் என்னிடமே திருப்பித் தந்தார்.

"மனம் தளரக் கூடாது. ஒரு வருடம் இடைவிடாமல் சும்மா இருங்கள். எந்த வேலைக்கும் போய்விடாதீர்கள். அதற்கும் எங்களிடம் ஒரு பயிற்சி இருக்கிறது."

நான் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆறரை தாண்டியிருந்தது. எல்லோரும் லயத்தில் இருக்க வேண்டிய நேரம். ஆனால் மடுவத்தில் வெளிச்சம் இருந்தது. எழுபது பேரும் தங்கள் கொழுந்துப் பைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மாலை நிறுவை நடக்கவில்லை. என் பெயரைத் திரும்பப் போட்டு, என் கையால் தராசைப் பார்க்கும்வரை ஒரு பையும் கொளுவப்படாது என்று சொல்லிவிட்டார்களாம். முதலில் அப்படிச் சொன்னது அம்மா.

பைக்குள் கொழுந்து சூடேறிச் சிவக்கத் தொடங்கியிருந்தது. ஃபெக்டரியில் இருந்து நாலு தரம் ஃபோன் வந்துவிட்டது என்று கணக்கப்பிள்ளை சொன்னார். சின்னத் துரை மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய கிளாக்கர் செக்ரோலை விரித்து வைத்திருந்தார்.

காலையில் வைத்த போத்தல் அங்கேயே இருந்தது. கொளுவினேன். 5.1 காட்டியது. பகலில் யாரோ தராசுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

"இப்ப பேர எழுதுங்க," என்றார் அம்மா.

"அம்மா, வேணாம்," என்றேன். "ஒரு வருசம் வேலையில்லாம இருக்கணுமாம். அப்பத்தான்…"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு. நீ போயிட்டா தராச யாரு பாக்குறது?" என்று சொல்லிவிட்டு, கிளாக்கரிடம் திரும்பினார். "எழுதுங்கய்யா. நடுவுல விட்டுப்போனதா எதுவும் இருக்கப்படாது."

பெரிய கிளாக்கர் என்னிடமிருந்து காலைக் கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். ஆபீஸ் பிரதியையும் கிழித்தார். செக்ரோலில் என் பெயருக்கு நேரே அன்றைக்கு முழுப்பேர் போட்டார். எழுபது பேரும் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் இரண்டாவது தடவை. நேரத்தைப் பார்த்தேன். ஆறே முக்கால்.

பட்டம் பெற்று வீட்டில் இருந்த நான்கு வருடங்களும், பதிவுகளின்படி நான் வேலையில் இருந்தேன். இப்போதும் இருக்கிறேன். இடையில் காலை ஒன்பதே காலிலிருந்து மாலை ஆறே முக்கால் வரை, ஒன்பதரை மணி நேரம் எனக்கு வேலை இல்லை. அந்த ஒன்பதரை மணி நேரத்துக்கு மட்டும் என்னிடம் உறுதிப்பத்திரம் இருக்கிறது.